ஓடாத வண்டி

விலை பேசும்போது ஓதகார் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கொட்டகைக்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளை நகர்த்தி
குதிரைக் கம்பளி ஒன்றை உரித்தார்.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஜாவா.
காய்ந்த ரத்தச் சிவப்பு.
டேங்கின் குரோமியக் கன்னத்தில்
என் முகம் அம்மைத் தழும்போடு தெரிந்தது.

"முப்பத்தொரு வருஷம். எஞ்சின் போச்சு. ஓடாது" என்றார்,
விற்கிறவர் யாரும் சொல்லாத சத்தத்தில்,
வீட்டு ஜன்னல்வரை கேட்கும்படி.
நாற்பதாயிரம் கொருனாவை
எச்சில் தொட்டு இருமுறை எண்ணிவிட்டு
தாழ்ந்த குரலில் ஒரு நிபந்தனை:
"ஒருவேளை ஓடினால்
இந்தத் தெரு வழியே மட்டும் வராதே, யித்கா."

நான் பல் கட்டுகிறவள்.
பகலெல்லாம் ப்ர்னோ நகரத்து வாய்களுக்கு
மெழுகிலும் பீங்கானிலும் கடைவாய் செய்கிறேன்.
இரவில் அதே ஊசிகளால்
கார்பரேட்டரின் துளைகளில்
பிசினாகிப்போன பெட்ரோலைச் சுரண்டினேன்.
காற்று வடிகட்டிக்குள் எலிக் குடித்தனம்:
வால்நட் ஓடு, கம்பளி நூல்,
ஏதோ வரி நோட்டீசில் பாதி.
டேங்குக்குள் ஒரு பிடி நட்டுகளைப் போட்டு
தோளில் சாய்த்துக் குலுக்கினேன்.
தேநீர் நிறத்தில் வந்தது துரு.
மறுபடி தேநீர். மறுபடியும்.
நள்ளிரவில் மேல்வீட்டுக்காரன் தரையைத் தட்டியபோது
வெறும் தண்ணீர்.

பிஸ்டன் இறுகியிருக்கும் என்றுதான் எண்ணினேன்.
பிளக் துளைவழி எண்ணெய் விட்டு
வாரக்கணக்கில் காத்திருக்கத் தயார்.
மறுநாளே, உதைகோலைக் கையால் அழுத்தியதும்
தூக்கத்தில் புரள்கிறவன்போல
இறங்கி ஏறியது.
அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எல்லாம் இருந்தது, பொறி மட்டும் இல்லை.
புது பேட்டரி. புது காயில். மூன்று பிளக்குகள்.
உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் கல்லானது.
முதலில் பார்க்க வேண்டிய இடத்தை
எல்லோரையும்போல் நானும் கடைசியில்தான் பார்த்தேன்:
பக்கமூடியைக் கழற்றி
பாயிண்ட் இடைவெளியை அளக்கத் தகடு நீட்டினால்
நுழையவில்லை.
விளக்கைக் கிட்டே பிடித்தேன்.
இரண்டு முனைகளுக்கும் நடுவில்
நான்காய் மடித்த ஒரு டிராம் டிக்கெட்.
முத்திரை: தொண்ணூற்றொன்று, அக்டோபர்.

போனில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"மழை. ஒரு வளைவு. அவள் பின்னால் இருந்தாள்.
கழுத்தெலும்புதான், கூடிவிட்டது.
விற்றுவிடு என்று குளிர்காலம் முழுக்க அழுதாள்.
விற்க மனமில்லை.
ஓட்டினால் அவள் தூங்கமாட்டாள்.
ஓடவில்லை என்று சொல்லிவிட்டேன்,
ஒரு வாரத்துக்கு மட்டும்."

"பிறகு?"

"பிறகு உருளைக்கிழங்கு சீசன் வந்தது."

மூன்றாவது உதையில் பிடித்தது.
இருபத்தைந்துக்கு ஒன்று எண்ணெய்க் கலவை,
முற்றமெல்லாம் நீலப் புகை,
உலர்த்தியிருந்த என் போர்வைகள் இன்றும் நாறுகின்றன.
உதைத்த கோலே மடங்கி கியராகும் அந்தச் சூட்சுமத்துக்கு
என் பாதம் பழக ஒரு மாதம்.

ஜூனில், லீஷென் மேட்டில், சாலை பழுது.
மாற்றுவழி என்று மஞ்சள் பலகை
நேராக அந்தத் தெருவைக் காட்டியது.
முனையிலேயே ஆணி மாதிரியான சாவியைப் பிடுங்கினேன்.
இறங்கித் தள்ளினேன்.

வேலியருகே திரஹோமீரா, கையில் செர்ரி வாளி.
"நின்றுவிட்டதா?"
தலையாட்டினேன்.
வாளியை வைத்துவிட்டுக் குனிந்து
சிலிண்டரின் செதில்கள்மேல் உள்ளங்கையை வைத்தாள்.
சுரீரென்று எடுத்து
ஏப்ரனில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.
நான் சாலையைப் பார்த்தேன்.
வீட்டுப்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:
"ஓதா, நீ சொன்னது சரிதான்!
ஓடவே இல்லையாம், பாவம் இந்தப் பெண்!"

என் கோட்டுப் பைக்குள் ஒரு பிடி செர்ரியைக் கொட்டினாள்.
நூற்றுமுப்பது கிலோ.
மேடு முடியும்வரை தள்ளினேன்.
செர்ரி இன்னும் பழுத்திருக்கவில்லை.